அப்பாயியின் திட்டும் தாத்தாவின் காலண்டரும்: நம்மைக் கப்பலேற்றியது யார்?

கோத்தகிரிப் பக்கம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்து, இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். தாத்தா இறந்த பிறகு அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு குடும்ப அட்டை, ஒரு பழைய பாஸ்போர்ட், தொண்டமான் படம் போட்ட ஒரு காலண்டர் அட்டை. அங்கே தோட்டத் தொழிலாளர்களின் தலைவரான தொண்டமான் தாத்தாவுக்குச் சாமி மாதிரி. அப்பாயி இன்றைக்கும் அந்நாட்டுப் பிரதமராக இருந்த சிறிமாவோவைத் திட்டாமல் சிலோன் பேச்சை முடிப்பதில்லை. போதாக்குறைக்கு, கருமாதிக்கு வந்த ஒரு மாமா, ‘அந்தத் தொண்டமான்தான் கையெழுத்துப் போட்டு நம்மள வித்துட்டாரு’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ‘இவர்களில் நம்மை அனுப்பியது யார்?’ என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நம்மை நாடில்லாதவர்களாக ஆக்கியது யார் என்பது ஒன்று. நாடில்லாமல் நின்றவர்களைக் கப்பலேற்றியது யார் என்பது இன்னொன்று. முதலாவது 1948–49 சங்கதி, இரண்டாவது 1964 சங்கதி. நடுவில் 15 வருசம். ஆட்களும் வேறு வேறு. உங்கள் வீட்டுச் சண்டை முடியாமல் இருப்பதற்கு இந்தக் குழப்பமே பாதிக் காரணம்.

என்னைப் பற்றி ஒரு வரி. இலங்கை மலைநாட்டில் திம்புள்ளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். 1973இல், 13 வயதில், குடும்பத்தோடு ராமானுஜம் கப்பலில் வந்து இறங்கினேன். அப்புறம் படித்து, நீலகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 30 வருசத்துக்கு மேல் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றேன். நான் ஆய்வாளன் இல்லை. சட்டமும் தேதியும் படித்துத் தெரிந்துகொண்டவை. மனிதர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் இடங்களில் பாதி என் அனுமானம். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் டி.எஸ். சேனநாயக்கா. உங்கள் அப்பாயி திட்ட வேண்டிய முதல் ஆள் இவர்தான், ஆனால் இவர் பேரை லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அதிகம் பேர் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா காரீயச் சுரங்கத்தில் சம்பாதித்தவர், பென்சிலுக்குள் இருக்குமே அந்தக் காரீயம். படிப்பில் பெரிய நாட்டமில்லை, காடு கழனிதான் பிடிக்கும். மதுவிலக்கு இயக்கத்தின் வழியாகப் பொதுவாழ்க்கைக்கு வந்தார். 1915 கலவரத்தின்போது வெள்ளைக்காரன் பிடித்துச் சிறையில் போட்டான். 1931 முதல் விவசாய அமைச்சர். தரிசாகக் கிடந்த வறண்ட பிரதேசத்தில் குளங்களைத் திருத்தி, சிங்களக் குடியானவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றியதுதான் அவருடைய பெரிய சாதனை என்று அங்கே பாடப்புத்தகம் சொல்லும். 1948 பிப்ரவரி 4 சுதந்திரம் வந்தபோது அவர்தான் பிரதமர். அங்கே தேசத்தின் தந்தை அவர். 1952 மார்ச்சில் கொழும்பு காலிமுகத் திடலில் குதிரை சவாரி போகும்போது விழுந்து, மறுநாள் இறந்தார்.

அந்தத் தேசத்தின் தந்தை சுதந்திரம் வாங்கி ஏழு மாதம்கூட ஆகாமல் கொண்டுவந்ததுதான் 1948 குடியுரிமைச் சட்டம். நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது கேட்டது சாதாரணமாகத் தெரியும்: நீ இங்கே பிறந்தால் மட்டும் போதாது, உன் அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உன் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் பிறந்திருக்க வேண்டும், அதைக் காட்டு. சிங்கள விவசாயியிடமும் யாழ்ப்பாணத்துக்காரரிடமும் யாரும் இந்தக் காகிதத்தைக் கேட்கப் போவதில்லை. தோட்டத்து ஆளிடம் கேட்பார்கள். என் தாத்தாவின் அப்பா முசிறிப் பக்கமிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு போனவர். தாத்தா தோட்டத்தில் பிறந்தார், அப்பா அதே தோட்டத்தில் பிறந்தார், நானும் அங்கேதான். ஆனால் தாத்தாவின் பிறப்புக்கு இருந்த ஒரே சாட்சி, ‘மேமலைப் பிரட்டுக்களம் வெட்டுன வருசம்’ என்று அவர் அம்மா சொன்ன வாய்வார்த்தை (பிரட்டுக்களம் என்பது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்). அதை எந்த அதிகாரி எழுதிக்கொள்வார்?

அடுத்து 1949இல் இன்னொரு சட்டம், இந்திய பாகிஸ்தானிய வாசிகளுக்கானது. விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கிக்கொள்ளலாம் என்றது. 1946 ஜனவரி 1க்கு முன்னால் கலியாணமானவர் ஏழு வருசமும் ஆகாதவர் பத்து வருசமும் இடைவிடாமல் தீவில் இருந்திருக்க வேண்டும். இடையில் கலியாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊர்ப்பக்கம் வந்து தங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே வருசம் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமகன் இல்லாதவனுக்கு வாக்கு இல்லை என்றார்கள். ஆக, 1948இல் குடியுரிமை, 1949இல் வாக்குரிமை. இரண்டும் ஒரே நாளில் போனதாகப் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், அந்த நாட்டின் ஏற்றுமதிக் காசில் பெரும்பங்கைத் தேயிலைக் கொழுந்தாகப் பறித்துக் கொடுத்தவர்கள், இருந்த இடத்திலேயே அந்நியர் ஆனார்கள்.

டி.எஸ். இதை ஏன் செய்தார்? உறுதியாகச் சொல்லக்கூடியது இது: 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் ஜெயித்தது. வேறு பல மலைநாட்டுத் தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகள் பக்கம் போனது. சட்டம் வந்த பிறகு 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் தொகுதிகளைப் பிரிக்கும்போது மட்டும் நம்மையும் சேர்த்தே மக்கள்தொகையை எண்ணினார்கள். தலைக்கணக்கில் இருந்தோம், வாக்குக்கணக்கில் இல்லை. அதனால் மலைநாட்டுச் சிங்கள வாக்காளருக்கு அவர் எண்ணிக்கைக்கு மீறிய இடங்கள் கிடைத்தன. இதையெல்லாம் திட்டம் போட்டே செய்தாரா, இல்லை காணியை இழந்த கண்டிச் சிங்கள விவசாயியின் நெடுநாள் கோபத்துக்கு வடிகால் தேடினாரா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. இரண்டும் இருந்தது என்பது என் எண்ணம். அந்தக் கோபத்தைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 1840 தரிசு நிலச் சட்டத்தைக் காட்டி வெள்ளைக்காரன் அவர்கள் மேட்டுநிலத்தைப் பிடுங்கித்தான் தோட்டம் போட்டான். பிடுங்கியவன் பங்களாவில் இருந்தான், கைக்கு எட்டியது லயத்தில் இருந்த நாம்.

இங்கே யாழ்ப்பாணத் தலைவர்கள் என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அடுத்த மாதமே சேனநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சர். அந்த அரசு கொண்டுவந்த அடுத்த சட்டத்துக்கு ஆதரவு. ‘பொன்னம்பலம் 48 சட்டத்துக்கே கை தூக்கினார்’ என்று சொல்பவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள், ‘அவருக்குச் சம்பந்தமே இல்லை’ என்பவர்கள் நிறையவே மறைக்கிறார்கள். அவரோடு இருந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அதே பிரச்சினையில் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்றைக்குத் தோட்டத் தமிழன் மேல் விழும் அடி நாளைக்கு மொழி என்று வரும்போது நம் மேலும் விழும் என்று அவர் எச்சரித்தார். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. செல்வநாயகம் பிறந்தது மலேயாவின் ஈப்போவில். அவரை யாரும் அந்நியர் என்று சொல்லவில்லை.

தொண்டமானுக்கு வருவதற்கு முன்னால் ஒருவரைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை, உங்கள் கேள்வியில் அவர் பேர் இல்லாவிட்டாலும். கோ. நடேசய்யர், தஞ்சாவூர்க்காரர். பத்திரிகை நடத்தியவர். வெளியாள் தோட்டத்துக்குள் நுழையவே முடியாத காலத்தில் புடவை வியாபாரி மாதிரி மூட்டை தூக்கிக்கொண்டு லயத்துக்குள் போய்ப் பார்த்தவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டினார், 1936இல் ஹட்டன் தொகுதியில் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே பாடி விசயத்தைச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குப் பாட்டுத்தானே பத்திரிகை. நடேசய்யர் 1947இல் இறந்துபோனார், அடுத்த வருசம் நடந்ததைப் பார்க்கவில்லை. நம் ஆட்களின் காலண்டரில் இவர் படத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் போலீஸ் சுட்டு இறந்த கோவிந்தன் படமும் கிடையாது. காலண்டர் அடிப்பதற்கு ஒரு சங்கமும் சந்தாவும் இருந்தால்தான் படம் சுவருக்கு வரும் போலிருக்கிறது.

சரி, தொண்டமான். சௌமியமூர்த்தி தொண்டமான் 1913இல் சிவகங்கைச் சீமையில் முனப்புதூரில் பிறந்தவர். அப்பா கருப்பையா சிலோனில் தொழிலாளியாகத் தொடங்கி, கங்காணியாகி, றம்பொடைப் பக்கம் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். மகன் 1924இல் போய்ச் சேர்ந்தார். கம்பளையில் படிப்பு. ஆக, தொழிலாளர்களின் தலைவர் ஒரு தோட்ட முதலாளியின் மகன். இது அவருடைய எதிரிகளுக்கு வாழ்நாள் முழுக்கப் பயன்பட்டது. தொழிலாளிகள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘துரை நாற்காலி போடணும்னா நம்மாளுகிட்டயும் ஒரு தோட்டம் இருக்கணும்ல’ என்று என் பெரியப்பா சொல்வார். 1939இல் நேரு கொழும்பு வந்தபோது இந்தியர் அமைப்புகளை ஒன்றாக்கி இலங்கை இந்தியக் காங்கிரஸை உண்டாக்கினார், அதன் தொழிற்சங்கப் பிரிவு அடுத்த வருசம். அதில் வளர்ந்து, 1947இல் நுவரெலியாவில் ஜெயித்து, பாராளுமன்றம் போனார் தொண்டமான். பின்னால் அந்தக் காங்கிரஸ்தான் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது.

அவர் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் ஒன்று உண்மையிலேயே கனமானது. 1949 சட்டப்படி விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் வரை கெடு. அவருடைய இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்காதே, புறக்கணி என்றது. ஒரு வருசத்துக்கு மேல் அப்படியே போய், கடைசி மாதங்களில்தான் எழுதிப் போடு என்று மாறியது. கெடு முடிவதற்குள் ஓட்டமும் நடையுமாக நிரப்பிய மனுக்களில் எத்தனை பிழை இருந்திருக்கும்! இதைத் தவறு என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அந்தத் தவறால்தான் நாடு போனது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம், அந்தக் கடைசி நேரத்திலும் எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. பேர் ஒரு இடத்தில் முத்தையா, இன்னொரு இடத்தில் முத்தையன் என்று இருந்தால் தள்ளுபடி. வாசல் திறந்திருக்கும்போது ஆட்கள் போகவில்லை என்பதற்கும், வாசலே ஆள் நுழைய முடியாத அளவில் இருந்தது என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

உங்கள் மாமா சொன்னது வேறு குற்றச்சாட்டு, கையெழுத்து. அது சுத்தமான தவறு. 1964 ஒப்பந்தத்தில் இரண்டே கையெழுத்து, சிறிமாவோ பண்டாரநாயக்கா, லால் பகதூர் சாஸ்திரி. அந்த மேசையில் தொண்டமான் இல்லை. நம் ஆட்களைக் கேட்காமல் நம்மைப் பங்கு பிரித்தார்கள் என்று அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். செல்வநாயகமும் எதிர்த்தார். அப்படியானால் மாமாவுக்கு இந்தக் கதை எங்கிருந்து வந்தது? என் ஊகம் இது: 1960இல் தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு நியமன உறுப்பினராகப் போட்டது சிறிமாவோ அரசுதான். அவர் நியமித்த ஆள் அவர் காலத்தில் நடந்ததற்குப் பொறுப்பு என்று ஆட்கள் முடிச்சுப் போட்டிருக்கலாம். போட்டிச் சங்கங்களும் இதை நன்றாக ஊதிவிட்டிருக்கும்.

இப்போது அந்த இரண்டு கையெழுத்துகள். நேரு உயிரோடு இருந்தவரை இந்தியாவின் நிலை ஒன்றுதான்: தலைமுறைகளாக அங்கே வாழ்பவர்கள் அந்த நாட்டுப் பொறுப்பு, தாமாக விரும்பி இந்தியக் குடியுரிமை கேட்பவரை மட்டும் ஏற்போம். 1954இல் அப்போதைய இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையோடு ஒரு ஒப்பந்தம் போட்டும் பிரச்சினை நகரவில்லை. நாடற்றவர் என்ற சொல்தான் நிலைத்தது. 1964 மே மாதம் நேரு இறந்தார். ஜூனில் சாஸ்திரி பிரதமர். அக்டோபர் 30 ஒப்பந்தம். ஐந்தே மாதத்தில் பதினைந்து வருச நிலை மாறிவிட்டது. சீனாவோடு போர் நடந்து இரண்டு வருசம்தான் ஆகியிருந்தது, அக்கம்பக்கத்து நாடுகளோடு சுமுகமாகப் போக வேண்டும் என்று சாஸ்திரி விரும்பினார். நல்ல மனிதர், எளிமையானவர், யாரும் மறுக்கமாட்டார்கள். அந்த நல்ல மனிதர் போட்ட கையெழுத்தில் 9,75,000 பேர் கணக்காகப் பிரிந்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். வகுப்பில் இதை நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, ‘சார், ஒரே வீட்டுல மூணு பேரு இருந்தா எப்படி சார் பிரிப்பாங்க?’ என்று கேட்டான். அவனுடைய பாட்டி இங்கே, பாட்டியின் அக்கா அங்கே. பதில் அவன் வீட்டிலேயே இருந்தது.

சிறிமாவோ 1916இல் பெரிய நிலப்பிரபு குடும்பத்தில் பிறந்தவர். கணவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா பிரதமராக இருக்கும்போதே 1959இல் ஒரு பௌத்த பிக்குவால் சுடப்பட்டு இறந்தார். அரசியலே வேண்டாம் என்றிருந்த விதவை, அடுத்த வருசம் உலகத்தின் முதல் பெண் பிரதமர். அதுவும் மக்கள் சபைத் தேர்தலில் நிற்காமல் மேல்சபை வழியாக. திறமைசாலி, பிடிவாதக்காரர். இந்த ஒப்பந்தத்தைத் தன் பெரிய வெற்றியாகவே கருதினார். ஆனால் கையெழுத்தாகி ஐந்து வாரம்கூட ஆகாமல், டிசம்பர் 3ஆம் தேதி, வேறொரு விவகாரத்தில் ஒரே ஒரு வாக்கில் அவர் அரசு கவிழ்ந்தது. ஒப்பந்தத்துக்குச் சட்டவடிவம் கொடுத்தது 1967இல் டட்லி சேனநாயக்கா அரசு, அதாவது டி.எஸ்ஸின் மகன். அப்பா நாட்டைப் பறித்தார், மகன் பயணச்சீட்டுக்கு வழி செய்தார் என்று எங்கள் ஊரில் ஒரு பெரியவர் சொல்வார். கொஞ்சம் கடுமையான பேச்சு, ஆனால் தேதி சரிதான். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1948இல் நமக்காகப் பாராளுமன்றத்தில் தொண்டை கிழியப் பேசியவர்களில் இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா முக்கியமானவர். 1964 அக்டோபரில் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? சிறிமாவோவின் நிதி அமைச்சராக.

அப்பாயியின் கோபம் டி.எஸ்ஸை விட்டுவிட்டுச் சிறிமாவோ மேல் மட்டும் ஏன் நிற்கிறது என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. இது படித்ததில்லை, பட்டது. 1970இல் அவர் மறுபடியும் பிரதமரானார். 73, 74இல் தோட்டங்களில் பஞ்சம். அதன் தொடக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் வந்தோம். அரிசி, கோதுமை மாவு ரேசனில் குறைந்துகொண்டே வந்தது. மரவள்ளிக் கிழங்கை அவித்து, அதுவும் இல்லாத நாளில் கீரையைக் கிண்டிச் சாப்பிட்டோம். என் தங்கைக்கு அப்போது நாலு வயது. அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, காலிச் சட்டியைக் கரண்டியால் சுரண்டி, சுரண்டுகிற சத்தத்தையே விளையாட்டாக்கிக் கொண்டிருப்பாள். ‘போயிருவோம்’ என்று அப்பா சொன்னது அப்படி ஒரு ராத்திரி. குடியுரிமைச் சட்டம் அவருக்குக் காகிதம். பசி யார் ஆட்சியில் வந்ததோ அந்தப் பெயர்தான் நாக்கில் நின்றது.

‘தாத்தா தானாகவே விண்ணப்பித்துத்தானே வந்தார்?’ என்று யாராவது கேட்டால், ஆமாம், காகிதப்படி அப்படித்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்தியாவுக்கு வர மனுப் போட்டவர்கள் 5,25,000ஐ எட்டவே இல்லை. இலங்கைக்கு ஒதுக்கியது மூன்று லட்சம், இருக்கிறோம் என்று கேட்டவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மனசு எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதோடு ஏழுக்கு நாலு என்று ஒரு விகிதம் வைத்திருந்தார்கள்: ஏழு பேர் இந்தியா போனால் நாலு பேருக்கு அங்கே குடியுரிமை. ஒருத்தன் போனால்தான் இன்னொருத்தன் இருக்கலாம் என்கிற ஏற்பாட்டில் விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கிய கதை உங்கள் அப்பாயிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தலைமன்னார் வரை கோச்சி (ரயில்), அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். தனுஷ்கோடி இருந்திருந்தால் அங்கே இறங்கியிருப்போம். ஒப்பந்தம் போட்டு எட்டு வாரத்தில், 1964 டிசம்பர் புயலில், அது போய்விட்டது. எங்கள் குடும்ப அட்டையில் என் வயதை இரண்டு வருசம் குறைத்து எழுதிவிட்டார்கள். அதைத் திருத்த ஒரு அலுவலகத்துக்கு அப்பா பதினொரு தடவை நடந்தார். கடைசியில், ‘இருக்கட்டும்யா, ரிட்டயர்டு லேட்டா ஆவான்’ என்று அங்கிருந்தவர் சிரித்தார். அவர் வாக்குப்படியே இரண்டு வருசம் கூடுதலாகச் சம்பளம் வாங்கினேன்.

நீலகிரிக்கு ஏன் வந்தோம் என்பதும் இந்தத் தலைவர்கள் கதையோடு சேர்ந்ததுதான். ஒப்பந்தப்படி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்க, 1968இல் தமிழக வனத்துறை இங்கே தேயிலை போடத் தொடங்கியது. அதுதான் பிறகு தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், 1976 முதல் தனி நிறுவனம். நாங்கள் வந்தபோது டேன்டீ என்ற பெயரே கிடையாது. காட்டை வெட்டி, குழி தோண்டி, கன்று வைத்தோம். முன்னோர் அங்கே செய்ததை மறுபடி முதலிலிருந்து இங்கே. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி என்று அந்தத் தோட்டங்கள் வந்தன. சமவெளிக்கு அரசு தொழில் கடன் கொடுத்து அனுப்பியவர்களில் நிறையப் பேர் அந்தக் கடன் பணத்தையும் இழந்து, குளிரும் கொழுந்தும் இருக்கிற இடம் என்று கேள்விப்பட்டுத் தாமாகவே மலையேறி வந்தார்கள். லயம் இங்கே லைன் ஆனது, துரை மட்டும் துரையாகவே இருந்தார். இங்கே ‘சிலோன்காரங்க’, அங்கே ‘இந்தியாக்காரங்க’. இந்தப் பட்டப்பெயர் மாற்றத்தில்தான் எங்கள் குடியுரிமை எங்களுக்குப் புரிந்தது.

கடைசியாக அந்தப் படம். தாத்தா ஏன் தொண்டமானை விடவில்லை? அவர் கப்பலேறிய பிறகுதான் தொண்டமானின் பெரிய காலமே தொடங்கியது. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியில் மூன்றாவதாக ஜெயித்தார், இரண்டாவதாக வந்தவர் சிறிமாவோவின் மகன் அனுரா. 1978இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசில் அமைச்சர். 1986 தைப்பொங்கலை ஒட்டி வேலைக்குப் போகாமல் பிரார்த்தனை செய்யும் போராட்டம் நடத்தினார். அதற்குப் பிறகு, மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன. எந்த ஆட்சி வந்தாலும் அமைச்சர் என்று அவரைக் கேலி செய்வார்கள். அது உண்மை, நியாயமான கேலியும்கூட. ஆனால் காகிதம் வந்ததும் உண்மை. இதற்கு நடுவில், 1980இல், ஜே.ஆர். அரசு சிறிமாவோவின் குடியியல் உரிமையையே ஏழு வருசத்துக்குப் பறித்தது. தேர்தலில் நிற்க முடியாது, வாக்குப் போட முடியாது. கோத்தகிரியில் இந்தச் செய்தி வந்த அன்று என் அம்மா எதுவும் சொல்லாமல் எழுந்துபோய் ஒரு டீ போட்டுக் குடித்தார். 1994இல் சிறிமாவோ மகளின் ஆட்சியில் மறுபடியும் பிரதமர், அதே அமைச்சரவையில் தொண்டமானும் ஒரு அமைச்சர். 1999இல் தொண்டமான் இறந்தார், தேதி அக்டோபர் 30, ஒப்பந்தம் போட்டு 35 வருசம் முடிந்த நாள். மறு வருசம் அக்டோபரில் சிறிமாவோ, தேர்தல் நாளில் வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பும்போது இறந்தார். அங்கே மிச்சமிருந்தவர்களின் குடியுரிமையை முடித்துவைத்த சட்டம் 2003இல் வந்தது.

டின்னில் இருக்கும் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். கொடுத்த தேதியையும் கப்பலேறிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்று தெரியும். அப்பாயியின் தங்கை இலங்கையில், தலவாக்கலையில் இருப்பதாகக் கேள்வியில் எழுதியிருந்தீர்கள். அடுத்த தடவை வாட்ஸ்அப்பில் பேசும்போது, அவர் கையில் குடியுரிமைச் சான்றிதழ் எந்த வருசம் வந்தது என்று கேளுங்கள். அப்பாயியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள்.